கடைசி வரியிலிருந்து

பேசத் தொடங்குமுன் ஒருமுறை கரகரவென்று இருமும் அந்தக் குழாய் ஒலிபெருக்கி. அந்தச் சத்தம் ஆற்றுத்தெருக்காரர்களின் காதில் இன்னும் இருக்கிறது. மைக்கைப் பிடித்தவள் தில்லையம்மா, ஆட்டோவில் சுற்றி ஜவுளிக்கடைத் தள்ளுபடி சொல்லிப் பிழைத்தவள்.

ஒரு மழைநாளில் அணையைத் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெள்ளம் தெருவுக்கு வந்துவிடும். தாசில்தார் தன் கையாலேயே அறிவிப்பு எழுதி நீட்டினார். முதல் பக்கம் முழுக்க அவர் பெயரும் பட்டங்களும். அடுத்த பக்கம் அணையின் வரலாறு.

"சுருக்கிச் சொல்லட்டுங்களா சார்?"

"ஒரு வார்த்தை குறைஞ்சாலும் இனி இந்த ஊர்ல நீ மைக் பிடிக்க முடியாது. நானும் கூட வர்றேன்."

"குறைக்க மாட்டேனுங்க."

தெருமுனையில் தாளைத் திருப்பி, கடைசி வரியை முதலில் படித்தாள்: "ஆற்றுத்தெருவில் இருப்பவர்கள் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவும்!"

கதவுகள் திறந்தன. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

"மேலிருந்து படிம்மா!"

"எங்கிருந்து தொடங்கணும்னு நீங்க சொல்லலீங்களே சார்."

ஒவ்வொரு வரியாக மேலே ஏறி அவர் பெயருக்கு வந்தபோது, தெருவில் ஒரு சேவல் மட்டும் நின்றது.

"என் பேரைக் கேட்க ஒருத்தரும் இல்லையே!"

"நீங்க எழுதினதைக் கேட்டுத்தான் சார் போயிட்டாங்க. ஒரு வார்த்தையும் குறையலீங்க. நாமளும் கிளம்பலாங்களா? தண்ணி வருது."

அன்று பதினேழு வீடுகள் போயின. ஓர் உயிரும் போகவில்லை. தில்லையம்மா அதன்பின் ஒன்பது வருஷம் மைக் பிடித்தாள். தொண்டை கெட்டதும் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டாள்.