செலினின் ஞாயிற்றுக்கிழமை

செலின் இன்று தூத்துக்குடியில் மனநல ஆலோசகர். பயிற்சி முடிந்து அவள் தனியாக ஆட்களைப் பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது இது.

அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள் வஹிதா. செலினைவிட ஆறு வயது இளையவள். செலின் அவளை மேடம் என்பாள். அவள் செலினை அக்கா என்பாள்.

செலினின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா வேறொருவரைக் கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது, ஏழு வயதுச் செலினைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்றில் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் முறுக்கும் பழமுமாக வந்துபோவார்கள். செலின் எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள்.

நான் நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் அம்மா விட்டுப் போயிருக்க மாட்டாள் என்று நினைத்தாள். வளர்ந்த பிறகும் அப்படியேதான் நினைத்தாள். இறால் கம்பெனியில் தோல் உரித்தபோதும், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோதும், யாரும் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று அடுத்தவர் வேலையையும் சேர்த்துச் செய்தாள். அந்த வேலைகளுக்கு நடுவில் தபால் வழியில் உளவியல் படித்தாள்.

வஹிதா கற்றுக்கொடுத்தது சிபிடி என்னும் சிகிச்சை முறை. மனதை வதைக்கும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, நீ உண்மைதானா, உனக்கு என்ன ஆதாரம் என்று கேட்பது அதன் வழி. செலின் அதை முதலில் தன்னிடமே கேட்டாள். ஏழு வயதில் ஒரு பிள்ளை என்ன தப்புச் செய்திருக்க முடியும்? பதில் கிடைக்க வெகுநாள் ஆயிற்று. கிடைத்த பிறகு, பழைய எண்ணம் மெல்ல அவளை விட்டு அகன்றது.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு கல்லூரி மாணவி அவளிடம் வந்தாள். என்னால்தான் அம்மா வீட்டை விட்டுப் போனாள் என்று அழுதாள். செலின் பல வாரம் பொறுமையாக அதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, அவளை அந்த எண்ணத்திலிருந்து வெளியே கொண்டுவந்தாள். கடைசி நாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விடைபெற்றாள். செலினால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் வஹிதாவின் அறைக்குப் போய், தனியாக ஆட்களைப் பார்க்கத் தனக்குத் தகுதி இல்லை, பயிற்சியோடு நின்றுகொள்கிறேன் என்றாள். வஹிதா காரணம் கேட்டாள்.

"அந்தப் பிள்ளையச் சரியாக்கி அனுப்பிட்டேன் மேடம். எனக்கே இன்னும் சரியாகல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்னால வீட்டை விட்டு நகர முடியல. தெருவுல ஆட்டோ நின்னா காது அங்க போயிருது. அம்மா உயிரோட இருக்காளான்னுகூடத் தெரியாது. இது எப்பதான் போகும்?"

வஹிதா எழுந்து, செலினைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். தான் எதிரே, வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் இப்ப ஆலோசகர். நான் செலின். கேளுங்க."

செலின் தயங்கினாள். பிறகு, பழக்கத்தில், குரல் தானாகவே நிதானப்பட்டது.

"ஆட்டோ நின்னதும் மனசுல என்ன ஓடுது?"

"அம்மா வரணும்" என்றாள் வஹிதா.

"வரலைன்னா, உங்கள வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னு தோணுதா?"

"முன்னாடி தோணும். இப்ப இல்ல."

"உங்க மேல தப்புன்னு?"

"இல்ல."

"வந்துருவாங்கன்னு நம்புறீங்களா?"

"வர மாட்டாங்க. தெரியும். ஆனா வரணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

செலின் அடுத்த கேள்வியைத் தேடினாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"இதுல ஆதாரம் கேக்க ஒண்ணுமே இல்லையே மேடம்."

வஹிதா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மாவோட போட்டோ ஏதாவது வச்சிருக்கீங்களா அக்கா?"

"இல்ல."

"சேலை, வளையல்?"

"ஒண்ணும் இல்ல. முகம்கூடச் சரியா ஞாபகம் இல்ல மேடம்."

"அப்ப, அம்மான்னு மிச்சம் இருக்கிற இந்த ஏக்கம் ஒண்ணையும் ஏன் போகச் சொல்றீங்க?"