பொரிகடலைக்கு ஆறாவது இடம்

தப். தப். தப்.

மூடுபனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வீடு தெரியவில்லை. ஆளும் தெரியவில்லை.

கோத்தகிரியின் அந்த மண்பாதையில் மருதாசலம் அப்படியே நின்றுவிட்டான். கை தானாக விரல்விட்டு எண்ண ஆரம்பித்தது.

ஏழு அடி. மறுபடி ஏழு. அப்புறம் ஐந்து. அதற்குப் பிறகு நெஞ்சை அடைக்கிற மாதிரி ஒரு மௌனம்.

அவனுக்குப் புல்லரித்தது. உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நாதன் மாஸ்டரின் புது ஆல்பம், பிறக்கும்போதே காதில் விழுகிறது.

ஓட்டமும் நடையுமாகப் போனான்.

பனி விலகியது. வீட்டுப் பின்கட்டில் துவைக்கிற கல். கல்லின் முன்னால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாதன் மாஸ்டர். கையில் ஒரு கறுப்பு டி-ஷர்ட். பக்கெட்டிலும் கறுப்பு, கொடியிலும் கறுப்பு.

மருதாசலம் செருப்பைக் கழற்றினான். மாஸ்டருக்கு அவனைவிட வயது குறைவு. இருந்தாலும் கழற்றினான்.

"ஏழு, ஏழு, அஞ்சு. அஞ்சுக்கு அப்புறம் விட்டீங்களே ஒரு மௌனம்! புது ஆல்பத்துக்குங்களா மாஸ்டர்?"

"இடுப்புப் பிடிப்புங்கண்ணே" என்றார் மாஸ்டர்.

ஆறு ஆல்பம் போட்டவர் அவர். ஒன்று போல இன்னொன்று இருக்காது. 'இரும்புக் குளவி'யில் கிடாரை வைத்துக்கொண்டு கர்ஜித்தார். 'கரும்பல்லி'யில் நாதஸ்வரத்தைக் கொண்டுவந்து டிரம்ஸோடு மோதவிட்டார். மெட்டல் இசை கேட்பவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தபடி இருக்க, 'பொரிகடலை' என்று ஒன்று போட்டார். ஒரு ஆர்மோனியம், ஒரு மாண்டலின். ஒரு கத்தல்கூடக் கிடையாது.

வந்த விஷயம் அந்தப் பொரிகடலைதான்.

"மாஸ்டர், உங்க ஆறு ஆல்பத்தையும் நீங்களே வரிசைப்படுத்திக் குடுத்துடணும்."

"எதுக்குங்?"

"நானும் ஜாபரும் சேர்ந்து வாசிக்கறோம். நான் கிடாரு, அவன் டிரம்ஸு. மில்லுல ரெண்டு பேருக்கும் நைட் ஷிப்ட், பகல்ல பிராக்டீஸு. ஞாயித்துக்கிழமை கோயமுத்தூரு பீளமேட்டுல ஒரு மேடை கிடைச்சிருக்குதுங்க. அரை மணி நேரம். உங்க ஆல்பத்துல சிறந்தது எதுவோ அதை மட்டும் வாசிங்கன்னுட்டாங்க."

"செரி."

"நான் இரும்புக் குளவிங்கறேன். அவன் பொரிகடலைங்கறான். நான் பொரிகடலைக்கு ஆறாவது இடம்னேன். அவன் ஸ்டிக்கைத் தூக்கி வீசிட்டு எந்திரிச்சுப் போயிட்டானுங்க."

"போனா வருவாருங்க."

"இந்த ரம்ஜானுக்குப் பிரியாணியே வரலைங்க மாஸ்டர்!"

மாஸ்டர் துவைப்பதை நிறுத்தினார். நிலைமை அவருக்கு இப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது.

"அவன் இல்லைன்னா மேடை இல்லைங்க. மேடைகூடக் கிடக்கட்டும். ராத்திரி முழுக்க ஒரே ஷெட்ல நிக்கறோம். பேச ஆளில்ல. மெஷின் சத்தம் மட்டுந்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் ஒத்துக்குவான்."

"நான் பொரிகடலைன்னு சொல்லிட்டா?"

மருதாசலம் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

"சொல்ல மாட்டீங்க."

மாஸ்டர் சிரித்தார். டி-ஷர்ட்டை உதறிக் கொடியில் போட்டார்.

"குளவியில மூணாவது பாட்டு. நடுவுல வர்ற கிடாரை வாயில பாடிக் காட்டுங்க, கேப்போம்."

மருதாசலம் கண்ணை மூடினான். ஆரம்பித்தான். பாதி வழியில் தடுக்கியது. மறுபடி ஆரம்பித்தான். அதே இடத்தில் மறுபடியும் தடுக்கியது.

"கேட்டு ரொம்ப நாளாச்சுங்களா?"

"அதை அப்படிச் சும்மாச் சும்மாக் கேக்க மாட்டேனுங்க. நல்ல நாளு பொழுதுக்குத்தான்."

"பொரிகடலையில மூணாவது?"

பாடினான். ஆர்மோனியம் முடிந்ததும் மாண்டலின். மாண்டலின் முடிந்ததும் விசில். அந்த விசிலுக்கு நடுவில் மாஸ்டர் ஒரு தடவை இருமியிருப்பார். அதைக்கூட விடாமல் அதே இடத்தில் இருமினான். கடைசிவரை தடுக்கவே இல்லை.

மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"இருமலு எனக்கே மறந்துபோச்சுங்கண்ணே. இம்புட்டு எப்பக் கேட்டீங்க?"

"குத்தம் கண்டுபிடிக்கத்தானுங்க" என்றான் மருதாசலம், கூச்சத்தோடு. "தினமும் ஷிப்டுக்குப் போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா. அவன்கிட்டப் பேசறதுக்குப் பாயிண்டு வேணுமில்லீங்களா?"

"அவரு குளவியக் கேக்கறாருங்களா?"

"என்னைவிட ஜாஸ்திங்க. எங்கெங்க இரைச்சல் தாங்கலைன்னு நிமிஷக்கணக்கோட சொல்லுவான், திருட்டுப் பய."

மாஸ்டர் பக்கெட்டில் கையை விட்டு ஒரு கம்பளிப் போர்வையை இழுத்தார். தண்ணீர் குடித்து யானைக்குட்டி மாதிரி கனத்தது அது.

"ஒரு முனையப் பிடிங்கண்ணே. தனியாப் பிழிய முடியலை."

மருதாசலம் பயபக்தியோடு பிடித்தான். குருவின் போர்வை. எதிரெதிரே நின்றார்கள். மாஸ்டர் முறுக்க ஆரம்பித்தார்.

அவன் மாஸ்டரின் கையையே பார்த்தான். அந்தக் கை எந்தப் பக்கம் போகிறதோ, தன் கையையும் அந்தப் பக்கமே கொண்டுபோனான். ஒரு இம்மி பிசகவில்லை.

போர்வை உருண்டது. நன்றாகவே உருண்டது. சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"இன்னுங் கொஞ்சம் வேகமாச் சுத்தட்டுங்களா மாஸ்டர்?"

"நான் போற பக்கமே நீங்களும் வந்தா தண்ணி எப்படிங்கண்ணே வரும்?"

மருதாசலத்தின் கை நின்றது.

போர்வையைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் மாஸ்டர்."

போர்வையின் முனையைக் கல்லின் மேல் வைத்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு போனை எடுத்தான். துணிக்கொடிக் கம்பத்துப் பக்கம் போனதும் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது.

எதிர்முனையில் எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"டேய் ஜாபரு. பதினஞ்சு நிமிஷம் உன்னுது, பதினஞ்சு நிமிஷம் என்னுது. ரெண்டையும் வாசிக்கறோம். ஒண்ணு மட்டும்தான்னு சொன்னா மேடையை அவங்களே வெச்சுக்கட்டும்."

மூச்சு.

"ஆனா ஒண்ணு. உன் பொரிகடலை இப்பவும் ஆறாவதுதான்."

"போடா" என்றது போன். "உன் குளவி ஏழாவது."

"மொத்தமே ஆறுதானடா இருக்குது!"

"இருந்தாலும் ஏழாவதுதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா, வாசிச்சுப் பாப்போம். அன்னிக்குப் பிரியாணி பண்ணட்டுமான்னு அம்மா கேக்குது."

மருதாசலம் போனை மடியில் செருகினான். வாய் காதுவரை போயிருந்தது. திடீரென்று ஞாபகம் வந்தது.

"மாஸ்டர், உங்களுக்கு எது முதல்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லீங்களே?"

"பக்கெட்டுல இன்னும் ரெண்டு கிடக்குதுங்கண்ணே" என்று மாஸ்டர் போர்வையின் முனையை நீட்டினார்.

அவன் வாங்கிக்கொண்டான். மாஸ்டர் ஒரு பக்கம் முறுக்க, அவன் மறுபக்கம் முறுக்கினான்.