ஏழாம் மாடித் தேவதைகள்

தாட்சாயணி படங்கள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறியபோது, இனி வரைவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதை ஒரே ஒருவரிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் பெயர் எபனேசர். ஓவியக் கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். அவள் முதலாண்டு சேர்ந்தபோது அவர் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மாணவர்களைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். இருந்தும் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. சேர்ந்து நடந்தால் அண்ணன் தங்கை என்று நினைப்பார்கள். அவளுக்கு அவர் இன்னும் மாஸ்டர்தான்.

கதவைத் திறந்தவர், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"வழியில சாப்பிட்டேன் மாஸ்டர்."

"அப்ப காட்டு."

அவள் படங்களைத் தரையில் பரப்பினாள். குழந்தைகளுக்கான படக்கதை. எழுதியதும் வரைந்ததும் அவளே. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் ஒரு வீடு. அங்கே யார் கண்ணிலும் படாமல் குட்டித் தேவதைகள் வசிக்கிறார்கள். லிஃப்டில் எல்லா மாடிப் பட்டன்களையும் அமுக்கிவிட்டு ஓடுகிறார்கள். வாஷிங் மெஷினுக்குள் புகுந்து ஜோடி சாக்ஸில் ஒன்றை மட்டும் இழுத்துக்கொள்கிறார்கள். சார்ஜர் வயர்களைச் சடை பின்னுகிறார்கள். வீட்டுக்காரியின் போனில் ஏறிக் குதித்து, ஒரு கிலோ வெங்காயம் வேண்டிய வீட்டுக்கு ஒரு மூட்டை வெங்காயத்தை வரவழைக்கிறார்கள்.

மாஸ்டர் முட்டி போட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"கலர் நல்லா வந்திருக்கு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க" என்றாள் தாட்சாயணி. "பதிப்பாளரம்மா ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. கீழ் வீட்ல ஆதிரைன்னு ஒரு பொண்ணு. ரெண்டாங்கிளாஸ். அதுகிட்ட காட்டினேன். பொறுமையா எல்லாத்தையும் பார்த்துட்டு, 'ஆன்ட்டி, இவங்க எல்லாம் மிஸ் உள்ள வந்துட்ட மாதிரி நிக்கிறாங்க'ன்னு சொல்லுது."

மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"விட்டுடலாம்னு இருக்கேன் மாஸ்டர். இந்தப் புத்தகத்தை மட்டும் இல்ல, வரையறதையே. சேட்டை என் கைக்கு மறந்துபோச்சு."

"உன் கைக்கு அது எப்பவாவது தெரிஞ்சிருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இல்ல. அவருக்குத்தான் தெரியும்."

அவர் என்றால் அவள் கணவர் ஞானசேகர். போன தை மாதம் இறந்துபோனார். வேதியியல் பேராசிரியர். வகுப்பில் சிரிக்கவே மாட்டார் என்று பெயர் வாங்கியவர். வீட்டில் வேறு ஆள். வண்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பார். சர்க்கரை பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒளித்து வைப்பார். ஒருமுறை அவளுடைய போனின் ரிங்டோனைச் சேவல் கூவுவதாக மாற்றி வைத்தார். அது ஒரு துக்க வீட்டில், எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தபோது கூவியது. கேட்டால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "நானா? வீட்ல அதுங்க இருக்கு தாட்சா. எல்லாம் அதுங்க வேலை" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் 'அதுங்க' இருந்தன. அதுங்களை வைத்து ஒரு புத்தகம் போடேன் என்று சொன்னதும் அவர்தான். சொன்ன வருடமே நோயில் விழுந்தார்.

"இப்ப வெச்ச பொருள் வெச்ச இடத்துலயே இருக்கு மாஸ்டர்" என்றாள் தாட்சாயணி. "சாவி ஆணியில தொங்குது. கண்ணாடி டப்பாவுல இருக்கு. எதையும் தேட வேண்டியதே இல்ல."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"மொட்டை மாடியில துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?"

அவள் மேலே போனாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. துணியும் ஈரமாகத்தான் இருந்தது. மாஸ்டருக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்தபடி, காய்ந்த இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பலாம் என்று படங்களை அடுக்கக் குனிந்தாள்.

பால்கனிக் கொசுவலையில் ஒரு தேவதை உட்கார்ந்திருக்கும் படம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. இருப்பதிலேயே அவளுக்கு நிறைவு தந்த படம் அதுதான். அந்த முகத்தில் விழும் காலை வெயிலுக்காக எத்தனையோ தாள்களைக் கிழித்துப் போட்டிருந்தாள்.

தேவதைக்கு மீசை முளைத்திருந்தது. கறுப்பு இங்க்கில் போட்ட முறுக்கு மீசை. ஈரம்கூடக் காயவில்லை.

"என்ன மாஸ்டர் இது?"

மாஸ்டர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"இது ஒரிஜினல் மாஸ்டர். இங்க் போகாது. தெரிஞ்சுதான் பண்ணினீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

அவளுக்குக் காது மடல் சூடானது. கல்லூரி நாளிலிருந்து அவரிடம் ஒருமுறையும் குரலை உயர்த்தியதில்லை. இப்போது தன் குரல் தெருவுக்குக் கேட்பது அவளுக்கே தெரிந்தது.

"வயசுக்கேத்த புத்தி வேணாமா? ஒரு மனுஷி உசிரைக் கொடுத்து ஒண்ணு செஞ்சு வெச்சா, அதுல கை வெக்கறதுதான் உங்களுக்கு வேலையா? நான் என்ன இந்த வீட்ல..."

சட்டென்று நிறுத்தினாள். அது அவள் வாய்க்குப் பழகிய வாக்கியம். இத்தனை மாதமாக அதைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தது.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ படத்தைக் கையில எடுத்தப்ப நான் எதைப் பார்த்துட்டு இருந்தேன்?"

"என்னை."

"மீசையை?"

"இல்ல. என் மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருந்தீங்க."

அவர் தரையைக் காட்டினார். "இதுங்க எதைப் பார்க்குது?"

தாட்சாயணி பார்த்தாள். சாக்ஸை இழுக்கும் தேவதை சாக்ஸைப் பார்த்தது. வயரைப் பின்னும் தேவதை வயரைப் பார்த்தது. லிஃப்டில் இருந்தவை பட்டன்களைப் பார்த்தன. எல்லாம் அதனதன் வேலையில் கண்ணாக இருந்தன. வீட்டுக்காரி ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓரமாக நின்று, புன்னகையோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாருமே பார்க்கவில்லை.

தாட்சாயணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பேப்பர்" என்றாள்.

மாஸ்டர் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"காலையில பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்குவார். நான் சாவியைத் தேடி வீடு பூரா சுத்துவேன். பேப்பருக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும் தெரியும். நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்ணு கூடவே வரும். சில நாள் பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருப்பார். அதுகூடத் தெரியாது அவருக்கு."

"நீ என்ன பண்ணுவே?"

"திட்டுவேன். நல்லாத் திட்டுவேன். எனக்குப் பஸ் போயிடும் மாஸ்டர். ஒரு தடவை நிஜமாவே அழுதிருக்கேன்."

மாஸ்டர் குனிந்து, துணி மடிக்கும் வீட்டுக்காரியின் மேல் விரலை வைத்தார்.

"இந்தம்மா ஏன் திட்டலை?"

"செத்துப்போனவரைப் போய் எப்படித் திட்டறது?"

"நான் சேகரைப் பத்திக் கேக்கலை. இந்தம்மாவைப் பத்திக் கேட்டேன்."

அவள் படங்களை அடுக்கிப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பினாள்.

"மீசைக்கு மன்னிப்புக் கேக்க மாட்டீங்களா?"

"நானா போட்டேன்?" என்றார் மாஸ்டர்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் அழுதாள். பக்கத்து இருக்கைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையல் மேடையில் ஒரு படத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"பக்கத்துல நின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். அந்தச் சமையலறையில் வேறு யாரும் இல்லை. அடுப்பை அணைத்தாள். பிறகு அடுப்பைத் துடைத்தபடி மிச்சத்தையும் சொல்ல ஆரம்பித்தாள். துக்க வீட்டில் கூவிய சேவலைச் சொன்னாள். போய்விட்ட பஸ்களைச் சொன்னாள். அழுத நாளைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க எந்தச் சேட்டையும் செய்யாமல், சொன்ன மாத்திரையைச் சொன்ன நேரத்துக்கு விழுங்கிக்கொண்டு கிடந்ததற்காக, எல்லாவற்றையும்விட அதற்காக, அதிக நேரம் திட்டினாள். தொண்டை வறண்டதும் தண்ணீர் குடித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தாள்.

வீட்டுக்காரியின் கொண்டை அவிழ்ந்தது. ஒரு கை இடுப்புக்குப் போனது. வாய் திறந்தது. அவள் கத்தத் தொடங்கியதும் தேவதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சாக்ஸை இழுத்தது இழுத்தபடியே மெஷின் கண்ணாடி வழியாக அவளை எட்டிப் பார்த்தது. வயர் பின்னியது சோபாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. வெங்காய மூட்டைமேல் ஒரு வரிசையே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் வரைந்தாள். எல்லாப் படத்தையும் மாற்றினாள். கொசுவலைத் தேவதையை மட்டும் மீசையோடு அப்படியே விட்டுவிட்டாள்.

பள்ளி விடுமுறையில் ஆதிரை மேலே வந்தாள். நாலாவது படத்திலேயே அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"இந்த ஆன்ட்டிக்கு ரொம்பக் கோவம்" என்றது குழந்தை. "பாவம், அதுங்களுக்கு இந்த ஆன்ட்டிய ரொம்பப் பிடிக்கும்போல."

பதிப்பாளரம்மாவும் ஒப்புக்கொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார். கடைசிப் பக்கத்தில் தேவதைகள் விடைபெற்றுப் போய்விட வேண்டும். குழந்தைகளுக்குக் கதை முடிந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா?

தாட்சாயணி அந்தக் கடைசிப் பக்கத்தை இரண்டு விதமாக வரைந்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் புதுச்சேரிக்குப் போனாள்.

மாஸ்டர் அன்று ஜுரத்தில் படுத்திருந்தார். எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் முதல் படத்தைக் கொடுத்தாள். விடியும் நேரம். தேவதைகள் வரிசையாகப் பால்கனி வழியே பறந்து போகிறார்கள். வீட்டுக்காரி கையசைக்கிறாள். வானம் ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருந்தது.

இரண்டாவது படத்தில் ஒரு தேவதைகூடக் கண்ணில் படவில்லை. சாதாரணக் காலை வேளை. வீட்டுக்காரி நடுக்கூடத்தில் நின்று, சோபா மெத்தையைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் எதையோ தேடுகிறாள். வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது.

மாஸ்டர் அந்தப் படத்தைக் கீழே வைக்கவில்லை.

"பதிப்பாளரம்மா முதல் படத்தைத்தான் கேக்கறாங்க" என்றாள். "அவங்க சொல்றதும் சரிதான். எல்லாம் ஒரு நாள் போய்த்தானே ஆகணும். எதைக் கொடுக்கட்டும் மாஸ்டர்?"

"இதுல என்ன தேடறா?"

"தெரியலை மாஸ்டர். தேடற மாதிரி கை தானா வரைஞ்சுடுச்சு. என்னன்னு எழுதணுமா? சாவின்னு போடட்டுமா?"

"வேணாம்."

"அப்ப குழந்தைங்க கேக்குமே. அது கிடைச்சுதா இல்லையான்னு."

மாஸ்டர் படத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இதையே கொடு. தேடட்டும், தாட்சாயணி" என்றார். "கிடைச்சுட வேணாம்."