வாய்க்காலை அடைத்த மரமும் ஆள்காட்டிக் குருவியும்

அலையாத்திக் காட்டில் புயல் அடித்து ஓய்ந்தது. பெரிய மரம் ஒன்று சாய்ந்து வாய்க்காலை அடைத்துக்கொண்டது. மழைநீர் கடலுக்குப் போக வழியில்லை. வாய்க்கால் கரையில் விலங்குகள் வாழ்ந்த மேட்டைச் சுற்றித் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

மேட்டுச் சரிவில் ஒரு கீரியின் வளை இருந்தது. உள்ளே கண் திறக்காத நான்கு குட்டிகள்.

மேட்டில் வாழ்ந்த நீர்நாய்கள் மரத்தின் கிளைகளை இழுத்துப்போட ஓடின.

"நிறுத்துங்கள்!" என்று கத்தியது ஆள்காட்டிக் குருவி. மேட்டுச் சங்கத்தின் தலைவர் அதுதான். எத்தனையோ போராட்டங்களைக் கண்ட தொண்டை! "சிங்கராஜா வந்து சேதத்தைப் பார்க்கும்வரை ஒரு குச்சியையும் தொடக் கூடாது! போன புயலில் எல்லாவற்றையும் ஒதுக்கிச் சுத்தம் செய்தோம். ராஜா வந்து, 'இங்கே புயலே அடிக்கவில்லையே' என்று சொல்லிவிட்டு, உதவி எதுவும் தராமல் போகவில்லையா?"

அது உண்மைதான். நீர்நாய்கள் நின்றுவிட்டன.

"தலைவரே, தண்ணி என் வாசலுக்கு வந்துடுச்சு!" என்றது கீரி.

"பொறு, அம்மா! மூழ்கிய வளையைக் கண்ணால் பார்த்தால்தான் ராஜாவுக்கு உறைக்கும்!"

"உங்களுக்கென்ன, றெக்கை இருக்கு!"

அப்போது எதிர்க்கரையிலிருந்து எலிகள் நீந்தி வந்தன. போன கோடையில் மேட்டில் இடம் கேட்டு வந்த அதே எலிகள். 'வந்தேறிகளே, வெளியேறுங்கள்!' என்று மூன்று நாள் கத்தி அவற்றை விரட்டியது ஆள்காட்டிதான்.

எலிகள் நேரே மரத்தில் ஏறிக் கிளைகளைக் கொறிக்கத் தொடங்கின.

"யாரைக் கேட்டுக் கைவைக்கிறீர்கள்?" என்று சீறியது ஆள்காட்டி.

கிழ எலி ஒன்று வாயிலிருந்த மரத்தூளைத் துப்பியது. "குட்டிங்க கத்துறது அக்கரை வரைக்கும் கேட்டுச்சு, தலைவரே! பக்கத்துல இருக்கிற உங்களுக்குக் கேக்கலையா?"

நீர்நாய்கள் தலைகுனிந்தபடி தண்ணீரில் இறங்கின. எலிகள் அறுக்க, அவை இழுத்தன. அடைப்பு விட்டது. தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்கு ஓடியது. கீரி கடைசிக் குட்டியைச் சேற்றிலிருந்து தூக்கியது. அது இருமியது. உயிர் இருந்தது!

"உங்க வளையெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டது கீரி.

"அது புயல் அடிச்ச அன்னைக்கே போச்சும்மா. பிள்ளைங்களைப் புன்னை மரத்துல ஏத்தி வச்சிருக்கோம்," என்றது கிழ எலி.

கொறித்துக் கொறித்து அதன் ஈறில் ரத்தம் கசிந்தது. அதைப் பார்க்க முடியாமல் ஆள்காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எட்டாம் நாள் சிங்கராஜா வந்தார். "சேதம் எங்கே? எப்போதும் கத்துவாரே, உங்கள் தலைவர் எங்கே?" என்று கேட்டார்.

நீர்நாய்கள் எதிர்க்கரையைக் காட்டின. அங்கே ஆள்காட்டி எலிகளின் புது வளைக்குப் புல் சுமந்துகொண்டிருந்தது. ராஜாவைக் கண்டதும் அது கோஷம் போட நினைத்தது. ஆனால் அலகில் புல் இருந்தது. முதலில் அதை வளையில் வைத்துவிட்டு, பிறகுதான் கத்தியது: "சேதம் இங்கே, ராஜா! இந்த எலிகளின் வீட்டை முதலில் பாருங்கள்!"

அடுத்தவர் துயரத்தைச் சாட்சிக்காகக் காத்து வைப்பவன் போராளி அல்லன். அதைத் தீர்க்கக் கைகொடுத்துவிட்டு நியாயம் கேட்பவனே போராளி.