மேல்மண்

இரண்டாவது தட்டும் வெறும் மண்ணாகவே கிடந்தது.

நாச்சிமுத்து அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமியின் முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி மண் தரையில் சிதறியது.

"விதை சொத்தைங்க சாமி. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கடையில வாங்கலை. போன வருஷப் பூவுல நான் எடுத்தது."

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடியும் இடத்தில் இருந்தது அந்த ஆசிரமம். நாலு அறை, ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு பூப்பாத்தி. தை மாதக் கடைசி. விடிந்து பார்த்தால் புல்லின் மேல் உறைபனி உப்புப் போலப் படிந்திருக்கும். இப்போதே தட்டில் விதைத்து நாற்றாக்கினால்தான் சித்திரையில் பாத்தி நிறையப் பெட்டூனியா பூக்கும்.

நாச்சிமுத்து பெருந்துறைக்காரர். நூல் வியாபாரத்தை மகன் கையில் விட்டுவிட்டுக் காவி வாங்க வந்தவர். சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு விதைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "இது முளைக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றார். அவ்வளவுதான். மந்திரம் இல்லை, தியானம் இல்லை. அறுபது தாண்டிய மனுஷனை உட்கார வைத்து மண் சலிக்கச் சொன்னால் எரிச்சல் வருமா, வராதா? இத்தனைக்கும் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நீ, வா, போதான். கலெக்டர் வந்தாலும் அப்படித்தான்.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மனைவி சரசாள்.

"ஏனுங்க, முட்டி எப்படீங்க இருக்குது?"

"பரவால்ல. எண்ணெ போட்டு நீவுறாங்க. வலது முட்டி வீக்கந்தான் இன்னும் வத்தலை."

"போறப்ப இடது முட்டின்னுதானுங்க போனீங்க?"

"ரெண்டுந்தான்!" என்று கத்திவிட்டுப் போனை அணைத்தார்.

இரண்டு முட்டியும் இரும்பாகத்தான் இருந்தன. மலை வைத்தியரிடம் மூட்டுவலிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். காவி கட்டிய பிறகு ஒரு தகவல் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

"வைத்தியம் நல்லா நடக்குதா?" என்றார் சாமி.

நாச்சிமுத்து அவசரமாகக் குனிந்து, சிதறிய மண்ணை அள்ள ஆரம்பித்தார்.

சாமி எழுந்தார். வேறொரு தட்டில் இலைமக்கைச் சலித்துப் போட்டார். தண்ணீர் தெளித்தார். அதே பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். விதையா அது, மூக்குப்பொடி. தூவினார், உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார், மேலே ஒரு கண்ணாடியை வைத்தார். சமையலறைச் சன்னலோரம், அடுப்பின் கதகதப்புப் படும் இடத்தில் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். விதை மேலேயே கிடந்தது. அட, மனுஷன் மண்ணு போட மறந்துட்டாரே!

குருவின் தவறைச் சொல்லிக் காட்டுவது சீடனுக்கு அழகில்லை. சத்தமில்லாமல் கண்ணாடியை எடுத்தார். விரல் கனத்துக்கு மண் போட்டு மூடினார். குளிருக்கு மேலே ஒரு சாக்கையும் போர்த்தினார். குருவின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு போய்ப் படுத்தார்.

அந்தத் தட்டும் முளைக்கவில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்ளா சாமி? உங்க கைக்கும் வரலீங்க."

சாமி சாக்கை இழுத்தார். மண்ணில் விரலை விட்டார். விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"யாரு மண்ணு போட்டது?"

"நானுங்க. நீங்க மறந்துட்டீங்கன்னு..."

"நான் மறந்தேன்?"

நாச்சிமுத்து சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"முதல் ரெண்டு தட்டுக்கும் இப்படித்தான் போட்டியா?"

"இன்னுங் கொஞ்சம் சாஸ்தியாவேங்க."

சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "இது வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்யா!"

"விதைன்னா மண்ணுக்குள்ளதானுங்க போடோணும்? கம்பு, சோளமெல்லாம்..."

"இது கம்பா?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"கண்ணு முன்னால செஞ்சு காட்டினேன். நீ அதைத் திருத்தி வெச்சிருக்கே!"

நாச்சிமுத்துவுக்கும் பொறுமை போய்விட்டது. "தொறந்து போட்டா குளுரடிக்கும், எறும்பு இழுக்கும், காஞ்சு போகும். மூடாம உட்டா எல்லாங் கெட்டுப்போயிருமுங்க சாமி!"

சாமி பொட்டலத்தை அவர் மடியில் எறிந்துவிட்டுப் போனார். அதில் கடைசிச் சிட்டிகைதான் மிச்சம்.

நாச்சிமுத்து தூவினார். அழுத்தினார். கண்ணாடி வைத்தார். கை தானாக மண் கூடைக்குப் போனது. இழுத்துக் கட்டிக்கொண்டார். தினமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை அரித்தது.

ஒரு காலை, கண்ணாடிக்குக் கீழே பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் இரண்டிரண்டு இலைகள்.

தட்டோடு ஓடினார்.

"முட்டி குணமாயிருச்சு போல," என்றார் சாமி.

"வந்துருச்சுங்க சாமி! காவி?"

சாமி பெட்டி மேல் மடித்து வைத்திருந்த துணியைக் காட்டினார். "எடுத்துக்கோ. வீட்டுல சொல்லிட்டுக் கட்டு."

"கட்டிட்டுச் சொல்லிக்கிறேனுங்க."

"ம்ஹூம்."

செல்போன் அடித்தது. சரசாள்தான். நாச்சிமுத்து அதைச் சட்டைப்பையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார். அது உள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் குடும்பங் கிடையாது. தெரியாதுங்க சாமி. சொன்னா அவ சோறு திங்க மாட்டா. மகன் காரெடுத்துக்கிட்டு வந்து நிப்பான். இப்பச் சொன்னா எல்லாங் கெட்டுப்போயிருமுங்க!"

சாமி தட்டின் மேலிருந்த கண்ணாடியை எடுத்தார். அதில் கோத்திருந்த நீரை வேட்டியில் துடைத்தார்.

"இதுக்கும் இதையேதானே சொன்னே?"