இரண்டு கால், ஒரு மூக்கு

பணம் பேசும் என்று இப்போது சொல்கிறார்கள். பறவைகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில் பணம் மூச்சே விடாது. அதற்கும் சேர்த்துப் பறவைகள்தான் கத்தித் தீர்த்தன. ஒவ்வொரு தேசத்துப் பறவைகளிடமும் சிப்பியில் செய்த காசு ஒன்று உண்டு. ஆனால் காசுக்குப் பெயர் வைக்கும்போது யாரும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. தன் ஊர்தான் உலகம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நாலைந்து தேசங்கள் தங்கள் காசுக்கு ரூபாய் என்று பெயர் வைத்தன. டாலர் என்று வைத்த தேசங்கள் எத்தனை என்று அவற்றுக்கே தெரியாது.

அப்படிப்பட்ட காலத்தில், நம் தெற்குக் கரையின் செம்மணல் தேரிக்காட்டில், முத்திருளன் என்கிற தூக்கணாங்குருவி பனையோலையில் கூடு கட்டிக்கொண்டிருந்தான். கல்யாண ஆசை வந்துவிட்டது. அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு அதில் தொங்கிக்கொண்டு கூப்பிட வேண்டும். பெண்குருவி வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, பிடித்திருந்தால் தங்குவாள். இல்லையென்றால் அடுத்த கூட்டுக்குப் போய்விடுவாள்.

வந்து பார்த்தவள் மஞ்சநாச்சி. தேரிக்காட்டிலேயே அவளைப் போல் கூடு பார்க்கத் தெரிந்தவள் கிடையாது. அவள் பார்வைக்குத் தப்பிய ஓட்டை என்று ஒன்று கிடையாது.

"கூடு கெட்டியாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா உள்ள நார் குத்துது. நான் சமாளிச்சுக்கிடுவேன். நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளையளுக்கு?"

"என்ன செய்யணும், சொல்லு."

"நடுக்கடல் திட்டுல ஜப்பான் நாரை ஒண்ணு பட்டுநூல் விக்குதாம். அத உள்ள விரிச்சுட்டுக் கூப்பிடுங்க, வாரேன். ஆனா மழை விழுந்துட்டுன்னா என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது, பாத்துக்கிடுங்க. எந்தக் கூடு முடிஞ்சிருக்கோ அதுக்குள்ள போயிருவேன்."

குரலில் கண்டிப்பு இருந்தது. கண்ணில் வேறு ஏதோ இருந்தது. முத்திருளன் அதைக் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்கு அலையும் ஆண்பிள்ளைகள் அதையெல்லாம் எங்கே கவனிக்கிறார்கள்!

மேற்கே மேகம் லேசாகக் கறுத்திருந்தது. முத்திருளன் சேர்த்து வைத்த ரூபாய்ச் சிப்பிகளைப் பனையோலையில் முடிந்துகொண்டு கடல் மேல் பறந்தான்.

நடுக்கடலில் இருந்தது ஒரு மணல்திட்டு. உலகத்துப் பறவைகள் எல்லாம் கூடும் சந்தை அங்கேதான். போய் இறங்கியவனுக்குக் காது அடைத்துப்போயிற்று. ஒரு பக்கம் பேரீச்சை, ஒரு பக்கம் கம்பளி நூல், ஒரு பக்கம் உலர்ந்த இறால். இதற்கு நடுவில் ஜப்பான் நாரை மட்டும் சத்தமே இல்லாமல் நின்றது. எதிரே யார் வந்தாலும் முதலில் குனிந்து ஒரு வணக்கம். பிறகுதான் வியாபாரம். பட்டுநூலைத் தன் கழுத்தால் அளந்து கொடுத்தது. ஒரு கழுத்து நூலுக்கு இத்தனை யென் என்று கணக்கு.

"ரூபாய் வாங்கிக்கிடுவியளா?" என்று கேட்டான் முத்திருளன்.

நாரை மறுபடியும் குனிந்து வணங்கியது. "யென் மட்டும்தான் ஐயா. அதோ, கொடுக்கம்மாவிடம் மாற்றிக்கொண்டு வாருங்கள்."

கொடுக்கம்மா என்பது ஒரு நண்டு. அந்தத் திட்டில் காசு மாற்றுவது அவள் ஒருத்திதான். எந்தத் தேசத்துக் காசைக் கொடுத்தாலும் வளைக்குள் இழுத்துக்கொண்டு போவாள். வேண்டிய தேசத்துக் காசு வந்து சேர்ந்ததும் வெளியே வந்து கூப்பிடுவாள். தனக்குத் தரகாக ஒரு துளி எடுத்துக்கொள்வாள். விலை மட்டும் நிலையாக நிற்காது. கடல் ஏறுவதும் வற்றுவதும் போல அதுவும் ஏறும், இறங்கும். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அதற்கு அவளைத் திட்டிப் பயனில்லை.

முத்திருளன் தன் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தான். அவனுக்குச் சற்று முன்னால் யாழ்ப்பாணத்துச் செண்பகம், அதாவது நம்மூர்ச் செம்போத்து, ஒருத்தியும் அதே அளவு சிப்பிகளைக் கொடுத்துவிட்டு யென்னுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். பெயர் பூரணம். நல்ல பருமன், சிவந்த கண், பேச்சில் ஒரு இழுப்பு. அவளுடைய காசும் ரூபாய்தான். ஆனால் இலங்கை ரூபாய். அன்றைய நிலவரத்தில் முத்திருளனின் ஒரு ரூபாய் அவளுடைய ஒரு ரூபாயைவிடக் கனம். கொடுக்கம்மாவுக்கு அது தெரியும், காசுகளைத் தனித்தனியாகத்தான் வைத்திருந்தாள். தவறு அங்கே நடக்கவில்லை. கூப்பிடுவதில்தான் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் கொடுக்கம்மா வெளியே வந்தாள்.

"ரூபாய்க்கு யென் வந்தாச்சு! ரூபாய் யாருப்பா?"

"ஓம், நான்தான் ரூபாய்," என்று முன்னால் நின்ற பூரணம் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு கொடுக்கம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். முத்திருளன் போய் வாங்கினான். வாங்கியபோதே மனசு கொஞ்சம் இடித்தது. கடல் வற்றிக்கொண்டிருந்ததால் விலை இறங்கியிருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

நாரையிடம் போனான். நாரை காசை எண்ணிப் பார்த்தது. பிறகு கழுத்தில் பாதிக்கும் குறைவாக நூலை அளந்து காட்டியது.

"இதுல ஒரு முட்டை கூடப் படுக்காதே!" என்றான் முத்திருளன். மேகம் இப்போது கடல் மேலேயே வந்திருந்தது. இந்தத் துண்டு நூலோடு திரும்பிப் போனால் மஞ்சநாச்சி என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்லமாட்டாள். அடுத்த கூட்டுக்குப் போய்விடுவாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நேரே கொடுக்கம்மாவின் வளைக்கு வந்தான். வழியில் பூரணம் உலர்ந்த இறாலைக் கொறித்துக்கொண்டு ஆனந்தமாக நின்றாள்.

"அக்கா, ஒங்களுக்கு எவ்வளவு யென் கிடைச்சது?"

"கனக்கக் கிடைச்சது. விலை ஏறிட்டுது எண்டு நினைச்சன். ஏன் கேக்கிறீர்?"

"அது என் யென்! நீங்க தின்னுக்கிட்டிருக்கிறது என் பட்டு!"

"என்ன கதைக்கிறீர்? ரூபாய் எண்டு அவ கூப்பிட்டவ, நான் போனனான். நான் குடுத்ததும் ரூபாய்தானே? நானென்ன களவெடுத்தனானோ?"

கூட்டம் கூடிவிட்டது. அவரவர்க்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. டாலர்ப் பறவைகள் பாதிச் சந்தையை அடைத்துக்கொண்டு, போன முறை எனக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான் என்று கூச்சலிட்டன. கொடுக்கம்மா பாவம், இரண்டு கொடுக்கையும் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, தப்பு என்னுதுதான். இனிமே இந்தத் தொழிலே வேண்டாம். வளைய மூடிட்டுப் போறேன்."

முத்திருளனுக்கு அது காதில் விழவில்லை. ஆத்திரத்தில் அலை நனைத்த மணலில் இடது காலை ஓங்கிக் குத்தினான், வலது காலைக் குத்தினான். "இது என் மண்ணு! தேரிக்காட்டு மண்ணு!" என்றான். அதே வேகத்தில் மூக்கால் மணலைக் கொத்தினான். "இது என் ரூபாய்!"

பூரணம் விடுவாளா? அவளும் பக்கத்தில் இரண்டு காலையும் தொம் தொம் என்று வைத்தாள். "இது என்ர மண்! யாழ்ப்பாணத்து மண்!" பிறகு மூக்கால் ஒரு கொத்து. "இது என்ர ரூபாய்!"

கொடுக்கம்மா கண்களைக் காம்போடு வெளியே நீட்டிப் பார்த்தாள். ஈர மணலில் இரண்டு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ரூபாய் என்று மூக்குக் கொத்திய குழி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கால்தடம் இரண்டும் ஒன்றா? முத்திருளனுடையது சிறியது, மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். பூரணத்துடையது பெரியது, இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். குருட்டுக் கோழிகூட மாற்றிச் சொல்லாது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! யாரும் அத மிதிக்காதீங்க!" என்று கத்தினாள். அவள் குரலில் அப்படியொரு குஷி. "கால் ரெண்டும் எந்த மண்ணுன்னு சொல்லுது. மூக்கு எந்தக் காசுன்னு சொல்லுது. எனக்கு வேற என்னய்யா வேணும்? இனிமே வாயால கூப்பிட மாட்டேன். காசு குடுக்கிறவங்க வளை வாசல்ல ரெண்டு கால், ஒரு மூக்கு வச்சிட்டுப் போங்க. தடத்தைப் பாத்துத்தான் குடுப்பேன்."

டாலர்ப் பறவைகள் முண்டியடித்து வந்து கால் வைத்தன. டாலர் என்று கொத்திய மூக்குக் குழி எல்லாம் ஒன்றுபோல, கால்தடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவை, தங்கள் தடத்தைத் தாங்களே எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தன. கொடுக்கம்மா விலை சொல்லவும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். எந்த இரண்டு காசை மாற்றுகிறாளோ அந்த இரண்டு தடத்தையும் அடுத்தடுத்து வரைந்தாள். முன்னால் நிற்கிற காசில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு, பின்னால் நிற்கிற காசில் எத்தனை என்பதுதான் விலை.

உழவாரன் குருவி ஒன்று மட்டும் மேலேயே வட்டமடித்தது. கால் நகத்தில் தங்கத் துணுக்கு. "எனக்குத் தரையில நிக்கவே வராது. என் தங்கத்துக்குத் தேசமும் இல்ல. நான் எங்க கால் வைக்க?" என்று அழுகிற குரலில் கேட்டது.

"நீ ஏன் விசனப்படுற? மண்ணில்லாதவங்களுக்கு இதுதான்," என்று கொடுக்கம்மா தன் இரண்டு கொடுக்கையும் குறுக்கே போட்டு ஒரு பெருக்கல் குறி இழுத்தாள். குருவி சந்தோஷத்தில் தங்கத்தைக் கீழே போட்டுவிட்டது. நல்ல வேளை, அவள் பிடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் சரி, முத்திருளனின் பட்டு?

பூரணம் இறாலைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் வந்தாள். "பட்டு ஆருக்கு?" என்று கேட்டாள். அவன் சொன்னான். மஞ்சநாச்சி, கூடு, குத்துகிற நார், வரப்போகிற மழை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பூரணத்தின் சிவந்த கண் இன்னும் சிவந்தது.

"அட, கலியாணக் காரியமே! முதலே சொல்லியிருக்கலாமே? இந்தாரும், மிச்சம் இருக்கிற யென் முழுக்க. திண்ட இறாலை என்னால திருப்பித் தர ஏலாது. அதுக்கு என்னை மன்னியும்."

கொடுக்கம்மா தன் தரகை அப்படியே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். முத்திருளன் நாரையிடம் ஓடினான். நாரை எண்ணியது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. நாரை மேகத்தைப் பார்த்தது, அவன் முகத்தைப் பார்த்தது. குனிந்து வணங்கியது. பிறகு நூலை அளக்கத் தொடங்கியது. காலையிலிருந்து யாருக்கும் நீட்டாத அளவுக்கு அது தன் கழுத்தை நீட்டியதைச் சந்தையே பார்த்தது.

"பொம்பிளையிட்டை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லும்!" என்று பூரணம் கத்தியபோது முத்திருளன் பாதிக் கடலைத் தாண்டியிருந்தான்.

அவனுக்கு முன்னால் மழை கரைக்குப் போய்விட்டது. தேரிக்காடு இருண்டு கிடந்தது. பனையில் தொங்கிய கூடுகள் எல்லாம் நனைந்து ஒரே நிறமாகியிருந்தன. ஆண்குருவிகள் எல்லாம் "என் கூடு! என் கூடு!" என்று கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவில் மஞ்சநாச்சி நனைந்த சிறகோடு ஓலை ஓலையாக மாறி உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்த கூடுகள் எத்தனையோ இருந்தன. அவள் ஒன்றிலும் நுழையவில்லை. கண்ணில் முன்பு இருந்தது என்ன என்று முத்திருளனுக்கு இப்போதுதான் புரிந்தது.

அவனும் "என் கூடு!" என்று கத்த வாயெடுத்தான். சந்தையில் எல்லோரும் ரூபாய், ரூபாய் என்று கத்தியது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான். பட்டுநூலைக் கூட்டுக்குள் விரித்தான். கீழே இறங்கி ஒரு வாய் களிமண் அள்ளினான். களிமண்ணைக் கூட்டின் உள்சுவரில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அப்பினான். அதில் இடது கால், வலது கால், ஒரு மூக்கு. ஒரு சத்தமும் போடாமல் பக்கத்து ஓலையில் போய் உட்கார்ந்தான்.

மஞ்சநாச்சி அந்தக் கூட்டுக்கும் வந்தாள். தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுக்கவே இல்லை.

"பட்டு நல்லா இருக்கு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஆனா நான் கால்தடத்தத்தான் முதல்ல பாத்தேன். எம்புட்டு நாளா இந்தப் பனைய மிதிச்சிட்டுக் கிடக்கிய, எனக்குத் தெரியாதா இந்தக் கால? மழையில நிக்காம உள்ள வாங்க."

பிறகு அந்தத் திட்டுக்குக் கப்பலில் வந்த மனிதர்கள் மணலில் இருந்த தடங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மனிதனுக்குக் கால் வைக்கக் கூச்சம், ஆகையால் எழுத்து வைத்தான். தேசத்துக்கு இரண்டு எழுத்து, காசுக்கு ஒன்று. இந்திய ரூபாய்க்கு ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய்க்கு எல்.கே.ஆர்., ஜப்பான் யென்னுக்கு ஜே.பி.வை., அமெரிக்க டாலருக்கு யூ.எஸ்.டி. தேசமில்லாத தங்கத்துக்கு மட்டும் முதலில் அந்தப் பெருக்கல் குறி, எக்ஸ்.ஏ.யூ. என்று.

விமான நிலையத்துக் காசு மாற்றும் பலகையில் அந்த மூன்று மூன்று எழுத்துகள் மின்னுவதும், தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பிவிட்டுப் பெண்குருவிக்குக் காத்திருப்பதும் அந்த மழை நாளிலிருந்துதான்.