தம்மடையின் அடிப்பக்கம்

"அடி கருகுது, ஹஜ்ரத்."

சலாம் சொன்ன கையோடு மொகுதூம் மரைக்காயர் சொன்னது இதைத்தான்.

கடற்கரைப் பள்ளிவாசலை ஒட்டிய சின்ன வீட்டில் இருந்தார் ஹஜ்ரத். மார்க்கம் படித்தவர், பேச்சைக் குறைத்தவர். மரைக்காயரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மரைக்காயர் அவருடைய கையைப் பிடித்துத்தான் சீடராகியிருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். குரு தன் சீடரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"எதோட அடி, காக்கா?"

"தம்மடையோட."

ஹஜ்ரத் சிரிக்கவில்லை. நாமாக இருந்தால் சிரித்திருப்போம். தொழுகையில் மனம் நிற்கவில்லை என்று அவரிடம் வருகிறவர்கள் உண்டு. பலகாரம் கருகுகிறது என்று யாரும் வந்ததில்லை.

"சொல்லுங்க" என்றார்.

மரைக்காயர் சொன்னார்.

ரவை, முட்டை, சீனி, நெய். எல்லாம் கலந்து செம்புச் சட்டியில் ஊற்றி, சட்டிக்குக் கீழே கொஞ்சம், மூடிக்கு மேலே கொஞ்சம் என்று தேங்காய்ச் சிரட்டைக் கங்கு போட்டுச் சுடுவதுதான் தம்மடை. ஊரில் எல்லா வீட்டிலும் சுடுகிறார்கள். ஆனால் மரைக்காயரின் மனைவி சுலைஹா சுட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். சுலைஹா மவுத்தாகி, மண்ணுக்குப் போய் வருஷம் ஒன்றாகப் போகிறது.

"அதே அளவு, அதே சட்டி, அதே கங்கு. எல்லாம் சரியா வருது. கவிழ்த்துப் பார்த்தா அடி மட்டும் கரி. கோழிக்குப் போடுறேன். மறுபடி சுடுறேன். மறுபடி கரி."

"வேற சட்டி?"

"புதுச் சட்டியில அடி பிடிக்கலை. ஆனா அவ ருசி வரலை."

"பேக்கரியில குடுத்தா சுட்டுத் தருவாங்களே."

"கேக்கு வருது ஹஜ்ரத். தம்மடை வரலை."

"யாருக்காக இந்தப் பாடு?"

மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டார். கப்பல்காரர்களிடம் குரலை உயர்த்தியே பேசிப் பழகிய மனிதர். இப்போது தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ருகையாவுக்கு. என் மக. அவ உம்மாவோட நாற்பதாம் நாள் ஃபாத்திஹா சோத்துல, உப்புக் கூடிப்போச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சபையில வச்சு. அவதான் ஆக்கியிருந்தா. அழுதுக்கிட்டே ஆக்கினா. தட்டை வச்சிட்டுப் போனவ, அதுக்கப்புறம் என் வீட்டுல ஒரு வாய்த் தண்ணிகூட குடிக்கலை. வர்றா, சலாம் சொல்றா, போறா. வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கா. உம்மா சுட்ட அடையைக் கண்டாலாவது கை நீட்டுவாளான்னு பாக்குறேன்."

"உங்க வீட்டுக்காரம்மா சுட்டப்போ ஒருநாளாவது கருகினதுண்டா?"

"ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதுசுல. தட்டைத் தள்ளிட்டு எழுந்திரிச்சிட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அதுக்கப்புறம் கருகினதே இல்லை."

ஹஜ்ரத் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு ஒண்ணு சுடுங்க" என்றார் பிறகு. "கவிழ்த்துப் பார்க்காம, சட்டியோட இங்கே கொண்டு வாங்க."

மறுநாள் மரைக்காயர் சட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வேர்த்துக் கொட்டியது. ஹஜ்ரத் ஒரு தாம்பாளத்தை வைத்து அடையைக் கவிழ்த்தார்.

அடி கரியாக இருந்தது.

"பார்த்தீங்களா" என்று மரைக்காயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹஜ்ரத் கத்தியை எடுத்தார். கரிந்த அடியை ஓரம் பிடித்து மெதுவாக அறுத்தார். அது ஒரு வட்டத் தட்டாகக் கழன்று வந்தது. அதைத் தனியாக வைத்தார். மிச்சம் பொன்னிறமாக இருந்தது. ஒரு துண்டு வெட்டி நீட்டினார்.

"பிஸ்மி சொல்லிட்டுத் தின்னுங்க."

மரைக்காயர் வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இதுதான் ஹஜ்ரத். அவ கை. அவளேதான்."

ஹஜ்ரத் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துண்டு தொண்டையில் இறங்கும்வரை மரைக்காயர் அப்படியே இருந்தார். பிறகு கறுப்புத் தட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அப்போ அவளுக்கும் கருகியிருக்கு" என்றார். கரிந்த அடியை விரலால் தொட்டார்.

"ஒவ்வொரு தடவையும்" என்றார் மறுபடி.

"அந்த அடியை என்ன பண்ணினா, ஹஜ்ரத்?"

"உங்க வீட்டு அடுப்பங்கரையில நடந்ததை என்கிட்ட கேட்டா எப்படி?" என்றார் ஹஜ்ரத். "வியாழக்கிழமை சுடும்போது அதைக் கோழிக்குப் போட்டுறாதீங்க, காக்கா."

வியாழக்கிழமை ருகையா வந்தாள். சலாம் சொன்னாள். கூடத்தில் வாசலுக்குப் பக்கமாக, போகிறவள் மாதிரியே உட்கார்ந்தாள்.

மரைக்காயர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பொன்னிறத் துண்டுகள். ஓரம்கூடச் சீராக அறுத்திருந்தார்.

அவள் பார்த்தாள். அவர் கையிலிருந்த தீக்காயங்களையும் பார்த்தாள்.

"நீங்களா சுட்டீங்க?"

"ஆமாம்மா. உம்மா சட்டியில."

ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். இனி என்ன இருக்கிறது, எழுந்து போவாள் என்று மரைக்காயர் நினைத்தார்.

அவள் எழத்தான் செய்தாள்.

"அடிப்பக்கம் எங்கே, வாப்பா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"கருகின அடி. எடுத்துப் போட்டுட்டீங்களா?"

"அடுப்பங்கரையில இருக்கு."

அவள் உள்ளே போனாள். அவர் பின்னால் போய் நிலைப்படியில் நின்றார். அந்த வீட்டைக் கட்டியவர் அவர். சுலைஹா இருந்தவரை அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே உட்கார்ந்தவர் இல்லை.

ருகையா அடுப்போரமாகச் சம்மணமிட்டாள். கரிந்த வட்டத்தை மடியில் வைத்து உடைத்தாள். பிஸ்மி சொன்னாள். வாயில் போட்டாள். பல்லுக்கடியில் அது நொறுங்குகிற சத்தம் நிலைப்படிவரை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"உம்மாவும் நானும் இதைத்தான் திம்போம்" என்றாள். "நல்லதெல்லாம் உங்க தட்டுக்கு வந்துரும். நீங்க ருசிச்சுச் சாப்பிடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உம்மா இங்க உக்காந்து இதை உடைப்பாங்க. எனக்கு உம்மா அடைன்னா இதுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"தட்டைத் தள்ளிருவீங்கன்னு பயந்தாங்க, வாப்பா."

அன்றே மரைக்காயர் ஹஜ்ரத்திடம் வந்தார். சலாம் சொன்னார், உட்கார்ந்தார். உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. கழுவிக்கொள்ளாமலே வந்திருந்தார் போலும்.

"மகள் சாப்பிட்டாங்களா, காக்கா?"

மரைக்காயர் தலையாட்டினார். பேச வாயெடுத்தார். அழுகை முந்திக்கொண்டது. அது அடங்கும்வரை ஹஜ்ரத் காத்திருந்தார்.

"எனக்கும் கொஞ்சம் குடுத்தா" என்றார் மரைக்காயர்.